பிள்ளைகள் எழுதிய புத்தகம்



"புத்தகமா? அதுவும் நம் பிள்ளைகள் எழுதியதா? யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?" என்று பள்ளி வளர்ச்சிக் குழுக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்டபோது, அறையிலிருந்த பலரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம், அதை மறைப்பானேன்? நம் பங்கு நடுநிலைப்பள்ளிக்கு ஒரு வாசிப்பு அறை வேண்டியிருந்தது. இருந்த ஒரே புத்தக அலமாரியைக் கறையான் முடித்துவிட்டது. கொத்தனார் போட்டுக் கொடுத்த கணக்கு 1,10,000 ரூபாய். திருவிழாவின்போது பலகாரக் கடை போடலாம் என்றார் ஒருவர். நாடகம் நடத்தி நுழைவுச்சீட்டு விற்கலாம் என்றார் மற்றொருவர். தலைமையாசிரியையான அருட்சகோதரியோ, "பள்ளியிலே 184 பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அப்பா, அம்மா, இரண்டு ஆச்சிமார், மும்பையில் ஒரு சித்தப்பா, வளைகுடாவில் ஒரு மாமா. தன் வீட்டுப் பிள்ளையின் பெயர் அச்சிலே இருந்தால் வாங்காமல் போவார்களா?" என்றார். சிரிப்பு அடங்கியது. புத்தகத்தைப் பதிப்பிக்கும் பொறுப்பு, அதிகம் சிரித்த குற்றத்துக்காகவோ என்னவோ, நம் தலையில் விழுந்தது.

இந்நிகழ்ச்சி நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இத்தகைய முயற்சியில் இறங்க விரும்பும் வேறு பங்குகளின் குடும்பங்கள் நம்மிடம் விவரம் கேட்பதுண்டு. ஆகவே நமக்கு நேர்ந்ததை, பிழைகளையும் மறைக்காமல், இம்மாதம் எழுதுகிறோம்.

பிள்ளைகள் எழுதியதை அச்சேற்றுவது புதிய செயலன்று. பிரான்சு நாட்டின் தென்பகுதியில் பார்-சுர்-லூ என்னும் சிற்றூரில் செலஸ்தென் ஃபிரெனே என்ற ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். நெடுநேரம் குரலெழுப்பிப் பாடம் நடத்த அவரால் இயலவில்லை. 1924-இல் அவர் ஒரு சிறு அச்சுப்பொறியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதினர், தாமே எழுத்துக் கோத்தனர், தாமே அச்சடித்தனர், தொலைவிலுள்ள மற்றொரு பள்ளிக்கு அனுப்பி, அப்பள்ளியின் தாள்களைப் பெற்றனர். நம் நாட்டிலும் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949-இல் குழந்தைகளுக்கென ஓவியப் போட்டியைத் தொடங்கி, அடுத்துவந்த ஆண்டுகளில் எழுத்தையும் அதனுடன் சேர்த்துக்கொண்டார்.

ஆயினும் நம் மனத்தை அதிகம் பற்றியது இத்தாலிய நாட்டு எடுத்துக்காட்டே. பிளாரன்சு நகரையடுத்த மலைப்பகுதியில் பார்பியானா என்றொரு சிறு குடியிருப்பு. 1954-இன் இறுதியில் அங்கே பங்குத் தந்தையாக அனுப்பப்பட்டவர் லொரென்சோ மிலானி அடிகளார். அரசுப் பள்ளிகளில் தேர்ச்சியடையாமல் தள்ளப்பட்ட உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தம் பங்கு இல்லத்திலேயே பள்ளி நடத்தினார். அப்பிள்ளைகளுள் எண்மர் சேர்ந்து, தம்மைத் தோற்கடித்த ஆசிரியைக்கு எழுதும் கடிதமாக ஒரு நூலை எழுதினர். தனித்தனித் தாள் துண்டுகளில் ஒவ்வொரு கருத்தாக எழுதி, அவற்றை மேசைமேல் பரப்பி, ஒத்தவற்றை ஒன்றுசேர்த்து, மிகையை நீக்கி, ஒருவர் எழுதியதை மற்றவர் சீர்தூக்கி எழுதிய நூல் அது. 1967 மே மாதம் அது வெளிவந்தது. அடுத்த மாதமே, தம் 44-ஆம் வயதில், அடிகளார் காலமானார். இத்தாலியக் கல்வித்துறையை உலுக்கிய நூல்களுள் ஒன்றாக அது விளங்கியது. 2017 ஜூன் 20-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானாவுக்குச் சென்று அவருடைய கல்லறையருகே செபித்தார்.

பார்பியானாவை நினைத்துக்கொண்டு தொடங்கினோம். வந்து சேர்ந்ததோ வேறு. "உங்கள் விருப்பம்போல் ஒரு கட்டுரை எழுதி வாருங்கள்" என்று எல்லா வகுப்புகளிலும் அறிவித்தோம். பத்து நாளில் ஒரு கட்டுத் தாள் வந்தது. அதில் பெரும்பாலானவை நூலகத்தின் பயன்களும், மரம் வளர்ப்பதன் நன்மைகளும், தலைவர்களின் வரலாறுகளுமே. ஒரே கட்டுரை நூலிலிருந்து பதினொரு பிள்ளைகள் ஒரே பத்தியைப் பெயர்த்திருந்தனர். அவர்கள்மேல் குற்றமில்லை. கட்டுரை என்றால் இதுதான் என்று நாம்தானே அவர்களுக்குக் கற்பித்தோம்!

தாள்களையெல்லாம் கட்டி வைத்துவிட்டு, சிறு சிறு வினாக்களாக மாற்றினோம். உங்கள் வீட்டில் முதலில் விழிப்பவர் யார்? உங்கள் வீட்டில் பழுதான ஒரு பொருள் எது? உனக்கு ஒருவர் சொன்ன பொய் எது? இவ்வளவுதான். வீட்டில் எழுதக் கூடாது, வகுப்பிலேயே எழுத வேண்டும் என்றும் சொன்னோம். அண்ணன்மாரும் அத்தைமாரும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள் அன்றோ? இம்முறை வந்தவற்றை இரவு வெகுநேரம் விழித்திருந்து படித்தோம். ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுதியிருந்தான்: "எங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இரவில் அம்மா உரலை உருட்டிக் கதவுக்கு வைப்பாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்." மற்றொரு பெண்: "அப்பா கடலுக்குப் போயிருந்தால் அம்மா சாப்பிடும் முன்னால் வெளியே போய்க் காற்றைப் பார்த்துவிட்டு வருவாள்." இன்னொரு வாண்டு: "எங்கள் வீட்டில் முதலில் எழுந்திருப்பது கோழி. இரண்டாவது ஆச்சி. ஆச்சி எழுந்ததும் கோழியைத் திட்டுவாள்." கட்டுரை நூல் எதிலும் இல்லாத வரிகள் இவை.

அடுத்து எழுந்தது தேர்வு பற்றிய வழக்கு. சிறந்தவை நாற்பதை மட்டும் வெளியிட்டால் நூலின் தரம் உயரும் என்றனர் ஆசிரியருள் சிலர். எல்லாப் பிள்ளைகளுடையதும் வர வேண்டும் என்றார் தலைமையாசிரியை. விற்பனை நோக்கில் பார்த்தாலே பின்னது சரி. பெயர் வராத பிள்ளையின் வீட்டார் வாங்க மாட்டார்கள். ஆனால் நாம் தலைமையாசிரியையின் பக்கம் சேர்ந்தது அதற்காக மட்டுமன்று. எப்போதும் தேர்ந்தெடுக்கப்படும் அதே நாற்பது பேரையே மீண்டும் தேர்ந்தெடுக்க ஒரு புத்தகம் எதற்கு? முடிவில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து வரியாவது இடம் என்று உறுதியாயிற்று. இன்னும் எழுத்துக் கூட்டத் திணறிய பிள்ளைகள் வாயால் சொல்ல, எட்டாம் வகுப்பு மாணவியர் எழுதிக்கொண்டனர். சொன்னபடியே எழுத வேண்டும், ஒரு சொல்லும் கூட்டக் கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. அம்மாணவியர் அதனை நம்மைவிட நன்றாகவே கடைப்பிடித்தனர்.

நாமோ கடைப்பிடிக்கவில்லை. ஆறாம் வகுப்புச் சிறுவனொருவன், "மழை கேட்காமல் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது" என்று எழுதியிருந்தான். பதிப்பாசிரியர் என்னும் மிடுக்கில் அதனை, "மழைநீர் எங்கள் இல்லத்தினுள் புகுந்தது" என்று திருத்தினோம். மெய்ப்புத் தாளைப் பார்த்த சிறுவன் நம்மிடம் வந்து, "சார், இது நான் எழுதினது இல்லை. வேறே யாரோ எழுதினதிலே என் பேரைப் போட்டிருக்கீங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, தவறுதலாகப் பக்கம் மாறிவிட்டதென்றே அவன் நினைத்தான். அவன் சொற்றொடரை அப்படியே திரும்ப வைத்தோம். இங்கிலாந்தில் டெய்சி ஆஷ்ஃபோர்டு என்னும் சிறுமி 1890-இல் தன் ஒன்பதாம் வயதில் எழுதிய கதை, 1919-இல்தான் நூலாக வந்தது. அதைப் பதிப்பித்தவர்கள் அவளுடைய எழுத்துப் பிழைகளைக்கூட மாற்றவில்லை. அப்படியே வைத்ததால்தான் இன்றும் அது படிக்கப்படுகிறது. நாம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. றகர ரகரப் பிழைகளையும் ஒற்றுப் பிழைகளையும் திருத்தினோம், சொற்றொடரைத் தொடவில்லை.

இனி, சொல்லத் தயங்கும் செய்தி ஒன்று. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "உங்கள் வீட்டில் நீ கேட்கும் ஓசை" என்னும் தலைப்பில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். சனிக்கிழமை இரவில் தன் தந்தை குடித்துவிட்டுத் தெருமுனையில் திரும்பும் செருப்போசையைப் பற்றியது அது. அவ்வோசையைக் கேட்டதும் தாய் விளக்கை அணைப்பதையும், தம்பியைத் தான் கட்டிலுக்கடியில் கொண்டுபோவதையும், எதையும் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதியிருந்தாள். வந்தவற்றுள் அதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. பெயரை நீக்கிவிட்டு வெளியிடலாம் என்றார் ஒருவர். இவ்வளவு சிறிய ஊரில் பெயரை நீக்குவதால் என்ன பயன்? தெருவைச் சொன்னாலே வீடு தெரிந்துவிடும். "உண்மையை எழுதியிருக்கிறாள்; உண்மையை மறைக்கலாமா?" என்றார் இன்னொருவர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். நூலின் மதிப்பு இவ்வொன்றால் உயரும் என்ற ஆசை அதில் கலந்திருந்ததைப் பின்னரே உணர்ந்தோம்.

தலைமையாசிரியை மட்டும் வேறொரு கேள்வி கேட்டார். "நாம் இதை அச்சிடுவதா இல்லையா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பிள்ளை நம்மிடம் ஏதோ சொல்லியிருக்கிறாளே, அதற்கு என்ன பதில்?" கூட்டத்தில் எவரும் வாய் திறக்கவில்லை. அன்று மாலையே அவர் சிறுமியைத் தனியாக அழைத்துப் பேசினார். மறுநாள் தாயையும் வரவழைத்தார். "சிஸ்டர், அவள் எழுதியதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆனால் புத்தகத்தில் வந்தால் அன்று ராத்திரி எங்களுக்கு வீட்டில் இடமில்லை" என்று தாய் சொன்னாராம். கட்டுரை வெளியிடப்படவில்லை. சிறுமி தன் ஆச்சியின் வெற்றிலைப் பெட்டியைப் பற்றி வேறொன்று எழுதித் தந்தாள். முதலில் எழுதியதை உறையிலிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தோம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கத்தக்க 1098 என்னும் எண்ணை தலைமையாசிரியை அவர்களுக்கு எழுதிக் கொடுத்ததும், அதன்பின் அவ்வீட்டுக்காக அவர் அலைந்ததும் நூலின் கதையல்ல. ஆகவே அவற்றை இங்கே விரிக்கவில்லை. பிள்ளைகளை உண்மையாக எழுதச் சொல்லும் எவரும், இப்படி ஒரு தாள் தம் கைக்கு வரக்கூடும் என்று முன்னரே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நாம் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

பெற்றோரின் இசைவு பற்றியும் சொல்ல வேண்டும். எழுதியவன் எட்டு வயதுச் சிறுவனே ஆனாலும், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அவன் எழுத்துக்கு உரிமையாளன் அவனே, பள்ளியன்று. ஆகவே இந்த ஒரு பதிப்புக்கு மட்டும் இசைவு கேட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் அனுப்பிக் கையொப்பம் பெற்றோம். கைநாட்டு வைத்த ஆச்சிமாரும் உண்டு. பிள்ளையின் பெயரும் வகுப்பும் தவிர, முகவரியோ புகைப்படமோ போடுவதில்லை என்றும் முடிவு செய்தோம். புகைப்படம் இல்லை என்றதும் தாய்மார் சிலருக்கு வருத்தம்தான்.

அச்சகத்தாரிடம் போனபோதுதான் கணக்கு என்பது தெரிந்தது. புத்தகம் பதினாறு பக்கங்கள் கொண்ட பாரங்களாக அச்சாகிறது. 97 பக்கம் வந்தால் ஒரு பக்கத்துக்காக இன்னொரு பாரத்துக்குக் காசு கொடுக்க நேரும். ஆகவே ஆறு பாரம், 96 பக்கம் என்று அடக்கினோம். 600 படிகள் அச்சிட, படிக்கு 55 ரூபாய் வீதம் 33,000 ரூபாய். கணிப்பொறியில் தட்டச்சு செய்வதற்கும் அட்டை ஓவியத்தை ஒழுங்கு செய்வதற்கும் 4,200 ரூபாய். உள்ளூர்க் கடைக்காரர்களின் விளம்பரத்தால் 16,500 ரூபாய் வந்தது. புகையிலைக் கடைக்காரர் ஒருவர் பின்னட்டை முழுவதற்கும் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர், திருவிழாவுக்கு முதல் ஆளாய்க் கொடுப்பவர். அவரிடம் முடியாது என்று சொல்லப் பங்குத் தந்தையே நேரில் போக வேண்டியதாயிற்று. அவர் சிரித்துக்கொண்டே, விளம்பரமில்லாமலே பத்துப் புத்தகம் வாங்கிக்கொண்டார்.

விலை 120 ரூபாய். எழுதிய 184 பிள்ளைகளுக்கும் ஒரு படி இலவசம் என்றதும் குழுவின் பொருளாளர் தலையில் கைவைத்துவிட்டார். அடக்க விலையிலேயே அது 10,120 ரூபாய் இழப்பு. ஆயினும் புத்தகத்தை வாங்க இயலாத வீட்டுப் பிள்ளை, தன் எழுத்து அச்சான புத்தகத்தைக் கடைப்பலகையில் பார்த்துவிட்டுப் போவதா? இவ்விஷயத்தில் குழுவினர் பிடிவாதமாய் நின்றனர்.

நூல் வெளியான நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பை, தில்லி நகரங்களின் பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டமொன்று கூறுகிறது. சிறு வெளியீட்டாளர் பலர் இதனைக் கவனிப்பதில்லை. நாம் நான்கு படிகளை அனுப்பினோம். 1896 முதல் இயங்கிவரும் கன்னிமாராவில், தங்கள் வீட்டுக் கோழியைத் திட்டும் ஆச்சி இடம்பெற்றுவிட்டாள் என்று அப்பொடியனிடம் சொன்னபோது, "அங்கே யார் வேணும்னாலும் படிக்கலாமா?" என்று கேட்டான். ஆம் என்றோம். "ஆச்சிகிட்டே சொல்லிராதீங்க" என்றான்.

விற்றவை 371 படிகள். அதனால் 44,520 ரூபாய். விளம்பரத்தையும் சேர்த்து வரவு 61,020, செலவு 37,200, மீதி 23,820 ரூபாய். இக்கணக்கை அப்படியே எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். 1,10,000 ரூபாய் தேவைப்பட்ட அறைக்கு இது காற்பங்குகூட ஆகவில்லை. திருவிழாவில் பலகாரக் கடை போட்டிருந்தால் இரண்டே நாளில் இதைவிட அதிகம் கிடைத்திருக்கும் என்று முதலில் சிரித்த பெரியவர் சொன்னார். அதை மறுப்பதற்கில்லை. பணம் ஒன்றே குறி என்றால், எட்டு மாத உழைப்பை வேறெதிலாவது போடுவதே அறிவுடைமை. வாசிப்பு அறை எழவில்லை. அந்தப் பணத்தில் கறையான் ஏறாத இரும்பு அலமாரி மூன்றும், அவற்றில் வைக்கப் புத்தகங்களும் வாங்கினோம். மாடிப்படியின் கீழுள்ள இடத்தில் பாய் விரித்து இன்றும் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். விற்காத 41 படிகள் மூன்றாம் அலமாரியின் அடித்தட்டில் இருக்கின்றன.

கடைசியாக நேர்ந்த ஒரு தவறு. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததைப் புதியதற்கு மாற்றியபோது கொம்புகளும் கால்களும் இடம்மாறிப் போயின. அவற்றைச் சரிசெய்வதிலேயே நம் கண்ணெல்லாம் இருந்ததால், பொருளடக்கத்தில் ஒரு பெயர் விடுபட்டதைக் கவனிக்கவில்லை. கட்டு பிரித்த நாளன்று பிள்ளைகள் அனைவரும் பொருளடக்கத்தைப் புரட்டித் தம் பெயரின்மேல் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தனர். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் விரலை மேலிருந்து கீழே கொண்டுபோய், மறுபடி மேலிருந்து தொடங்கினான். மூன்றாம் முறையும் தேடினான். அவன் எழுதியது 61-ஆம் பக்கத்தில் இருந்தது, பொருளடக்கத்தில்தான் இல்லை. வாய்விட்டுச் சொல்லி, எட்டாம் வகுப்பு அக்காவைக் கொண்டு எழுதுவித்த பிள்ளைகளுள் ஒருவன் அவன்.

புத்தக வெளியீட்டுக்கு இரண்டே நாள் இருந்தது. அவன் பெயரையும் பக்க எண்ணையும் சிறு துண்டுத் தாள்களில் அச்சிட்டு வாங்கினோம். அன்று மாலை பள்ளி விட்டபின் வராந்தாவில் பாய் விரித்து, கஞ்சிப் பசை காய்ச்சி, 600 படிகளிலும் ஒட்ட உட்கார்ந்தோம். அவன் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் இருந்துவிட்டனர். ஒருவன் புத்தகத்தை விரித்துக் கொடுக்க, ஒருத்தி பசை தடவ, துண்டை வைத்து அழுத்துவது மட்டும் அவனே செய்வதென்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டனர். இருட்டும் வரை செய்து முன்னூற்றுச் சொச்சம் முடித்தான். அவனைத் தேடிக்கொண்டு வந்த தாய் வாசற்படியில் நின்று, "இன்னும் எத்தனைடா இருக்கு?" என்று கேட்டபோது, அவன் தலை நிமிராமலே, "நீங்க போங்கம்மா, இதெல்லாம் என் பேரு" என்றான்.